மாப்பிள்ளை எந்தப் பக்கம் பார்க்கிறார்

எங்கள் ஆஸ்பத்திரி லாண்டரிக்கு ரோபோ வந்த மூன்றாம் நாளே அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தவள் என் நாத்தனார். வைக்காமல் என்ன செய்வாள்? நடுவழியில் காரணமே இல்லாமல் நின்றுகொள்ளும். என்ன ஏது என்று கேட்டால் பதில் இருக்காது. எல்லாரும் சுற்றி நின்று கெஞ்சி ஓய்ந்த பிறகு, தானாக மனம் இறங்கியதுபோல் இரண்டடி பின்னால் போகும். அப்புறம் யாரும் நினைக்காத பக்கமாகக் கிளம்பிவிடும். "இந்த முறுக்கை எங்க வீட்டுக்காரர்கிட்ட கல்யாணமான புதுசுல பாத்தது அண்ணி" என்றாள் அவள். அன்றிலிருந்து அதன் மேல் ஒட்டியிருந்த கம்பெனிப் பெயரை யாரும் படிக்கவில்லை.

பார்ப்பதற்கு நெஞ்சு உயரத்துக்கு ஒரு வெள்ளைப் பெட்டி, அவ்வளவுதான். அடியில் சக்கரம். தலையில் கவிழ்த்து வைத்த கிண்ணம்போல ஓர் உருண்டை, அதில் ஒற்றை நீல விளக்கு. அந்த உருண்டை சுழலும். யார் கிட்டே வந்தாலும் அவர் பக்கம் திரும்பி உற்றுப் பார்க்கும். கீழ்த்தளத்தில் நாங்கள் மடித்து அடுக்குகிற விரிப்பு, போர்வை, தலையணை உறை எல்லாவற்றையும் வயிற்றில் வாங்கிக்கொண்டு, லிஃப்டில் ஏறி, ஒவ்வொரு மாடியாகக் கொண்டுபோய்க் கொடுப்பது அதன் வேலை.

அதற்கு முன் அந்த வேலையை இருபத்திரண்டு வருஷம் பார்த்தவர் என் வீட்டுக்காரர். ஆஸ்பத்திரி முழுக்க அவருக்கு வண்டிக்காரர் என்றுதான் பெயர். ஈரம் காயாத துணியும் காய்ந்த துணியுமாக இரும்புத் தள்ளுவண்டியைத் தள்ளித் தள்ளி, இடுப்பில் ஒரு டிஸ்க் இடம் மாறிவிட்டது. எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இனிமே வண்டியத் தொட்டீங்கன்னா, அடுத்த தடவை நீங்க வண்டியில படுத்துக்கிட்டுதான் வருவீங்க" என்று சொல்லிவிட்டார். வேலையே போய்விடும் என்று நாங்கள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்த சமயத்தில்தான் மாப்பிள்ளை வந்து சேர்ந்தது. இரண்டு மாதம் சோதனை. அதன் பின்னாலேயே நடந்து, அது எங்காவது மாட்டிக்கொண்டால் விடுவித்து, வார்டில் துணியை எடுத்துக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். அந்த ஆள் இவர். உட்கார்ந்து எழும்போது கை சுவரைத் தேடாமல் இவர் எழுந்ததைப் பல மாதங்களுக்குப் பிறகு அப்போதுதான் பார்த்தேன். அதற்காகவே அந்தப் பெட்டி எத்தனை முறுக்கு முறுக்கினாலும் பொறுத்துக்கொண்டேன். பொறுமை எனக்குச் சுட்டுப்போட்டாலும் வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மற்றவர்கள் எதற்காகப் பொறுத்துக்கொள்ள வேண்டும்? ஆளுக்கொரு கதை கட்டினார்கள். பச்சை உடுப்புக்காரர்களைக் கண்டால் அதற்கு ஆகாது என்றார்கள். இரண்டாம் நம்பர் லிஃப்ட் என்றால் பயம் என்றார்கள். என் நாத்தனார் கட்டிய கதை எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது. "அது ஏன் நின்னு நின்னு பாக்குதுன்னு நினைக்கறீங்க? யாரு சும்மா உக்காந்திருக்கான்னு பாத்து மேனேஜர்கிட்ட கோள் சொல்லுது அண்ணி!" அன்று முழுக்க மாப்பிள்ளை உள்ளே வரும்போதெல்லாம் எங்கள் மேஜையில் எட்டுப் பேரும், மடித்து வைத்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தோம். நானும் மடித்தேன், என்னத்தை மறைப்பது.

நாலாம் மாடியில் நடந்ததுதான் விஷயத்தை முற்ற வைத்தது. அந்த மாடியின் பெரிய சிஸ்டர், மருந்துத் தட்டோடு வந்துகொண்டிருந்தார். மாப்பிள்ளை அவரைப் பார்த்து நின்றது. இரண்டடி பின்வாங்கியது. வழி விடுகிறது என்று சிஸ்டர் ஓர் எட்டு வைத்தார். அதே நொடியில் அது அவர் நடந்த பக்கமாகவே திரும்பியது. அவர் பதறிப் பின்னால் போக, தட்டிலிருந்த நாற்பது சின்னக் கிண்ணங்களும் வராந்தா முழுக்க உருண்டன. "என் முகத்தையே பாத்துக்கிட்டு நின்னுதே! பாத்துக்கிட்டே மோத வருமா ஒருத்தன்?" என்று அவர் போட்ட சத்தத்தில், மயக்கம் தெளியாத நோயாளிகளுக்கும் தெளிந்துவிட்டதாகச் சொல்கிறார்கள்.

மேனேஜர் கீழே இறங்கி வந்தார். நல்ல மனிதர், ஆனால் எந்த முடிவையும் மற்றவர்கள் எடுத்ததுபோலவே சொல்லுவார். "எல்லா மாடியிலயும் கம்ப்ளெயின்ட். ஒரு நாளைக்கு முப்பது தடவை நிக்குது. ஏன் நிக்குதுன்னு ஒருத்தருக்கும் புரியல. வெள்ளிக்கிழமை கடைசி நாள். அன்னிக்கும் இப்படியே இருந்தா திருப்பி அனுப்பிடலாம்னு நினைக்கறாங்க."

"திருப்பி அனுப்பிட்டா துணிய யாரு சார் கொண்டுபோவாங்க?" என்று கேட்டேன்.

அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "பழையபடிதான்" என்றார். இவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் மேல் என்று தெரியாததால் ஒரு கூடைத் துணியை எடுத்து மேஜையில் போட்டு அறைந்து அறைந்து மடித்தேன்.

திங்கட்கிழமை காலையில் கம்பெனியிலிருந்து ஓர் அம்மா வந்தார். நாற்பது வயதிருக்கும். கொண்டையில் ஸ்க்ரூ டிரைவரைச் செருகியிருந்ததால், பத்து நிமிஷத்தில் அவருக்கு ஸ்க்ரூ மேடம் என்று பெயர் விழுந்துவிட்டது. மாப்பிள்ளையைச் செய்ததில் தனக்கும் பங்கு உண்டு என்றார். அதைச் சொல்லும்போது, பள்ளிக்கூடத்தில் பிள்ளை அடிபட்டு வந்ததைக் கேட்ட தாய்போல இருந்தார். "அது தப்பா எதுவும் பண்ணலக்கா. ஒவ்வொரு தடவை நிக்கறதுக்கும் காரணம் இருக்கு. அந்தக் காரணத்தை அது உங்களுக்குச் சொல்லல, அதான் பிரச்சனை. நான் சொல்ல வைக்கறேன்."

அன்று மத்தியானம் மாப்பிள்ளையின் மார்பில் ஒரு திரை முளைத்தது. நிற்கும்போதெல்லாம் அதில் எழுத்து ஓடியது. 'தடை கண்டறியப்பட்டது. பாதை மறுகணக்கீடு நடைபெறுகிறது.' என் நாத்தனார் குனிந்து எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் மறுகணக்கீடு முடிந்து, மாப்பிள்ளை அவள் செருப்பு நுனியில் வந்து நின்றது. "இதைப் படிக்க ஒரு ஆளை வேலைக்கு வையுங்க மேடம்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் அது பேசியது. குரல் என்னவோ தேன்தான். "மதிப்பிற்குரியவர்களே, தங்களது பாதுகாப்பைக் கருத்தில் கொண்டு, தற்போது இவ்விடத்தில் சற்றே நின்று..." இது முடிவதற்குள் அந்தப் பக்கமாக இரண்டு ஸ்ட்ரெச்சரும் ஒரு சாப்பாட்டு வண்டியும் போய்விடும். ஒரு நோயாளியின் சொந்தக்காரர் மட்டும் கடைசிவரை நின்று கேட்டுவிட்டு, "பரவாயில்லைங்க, நீங்க நின்னுட்டு வாங்க" என்று பதில் சொல்லிவிட்டுப் போனாராம். பெரிய சிஸ்டர் போன் செய்து, என் மாடியில் இனி ஒரு பேச்சு கேட்கக் கூடாது என்றார். ஸ்க்ரூ மேடம் குரலை அணைத்துவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. அவர் பாடுபட்ட பாடும் என் வீட்டுக்காரர் இடுப்பும் ஒரே படகில் போய்க்கொண்டிருந்தன.

புதன்கிழமை காலை அவர் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு எங்கள் மேஜைக்கு ஓடி வந்தார். "நேத்து மத்தியானம் ரெண்டு மணியிலேருந்து நாலு மணி வரைக்கும் என்ன நடந்துச்சு? யாராவது எதாவது பண்ணீங்களா?"

"ஏன் மேடம்?"

"மூணே மூணு தடவைதான் நின்னிருக்கு. மூணு! அதே வராந்தா, அதே கூட்டம். நான் எதையும் மாத்தல."

என் நாத்தனார் கையிலிருந்த போர்வையை மடித்துக்கொண்டே மேஜைக்கு அடியில் போய்விடலாமா என்பதுபோல் குனிந்தாள். எனக்குத் தெரிந்துவிட்டது. "என்னடி பண்ணித் தொலைச்சே?"

"ஒண்ணும் பண்ணல அண்ணி." பிறகு, "கோள் சொல்ற கண்ணு இருக்கக் கூடாதுன்னு ஒரு தலையணை உறைய எடுத்து அது மண்டையில மாட்டி, நாடாவால கட்டிவிட்டேன். நாலு மணிக்கு அண்ணன் அவுத்துட்டாரு."

ஸ்க்ரூ மேடம் அவளை வைது தீர்க்கப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சத்தமாகச் சிரித்தார். "அது கண்ணே இல்லைங்க. கேமரா எல்லாம் கீழ, வயித்துக்கிட்ட இருக்கு. மேல இருக்கறது வெறும் விளக்கு."

"அப்ப எதுக்கு எல்லாரையும் முறைக்குது?" என்றேன்.

"முறைக்கல. 'உங்களைப் பாத்துட்டேன், பயப்படாதீங்க, மோத மாட்டேன்'னு சொல்லுது. நான்தான் அப்படி வெச்சேன்."

"நல்லாத்தான் சொல்லிச்சு! ஒருத்தன் நம்மளையே பாத்துக்கிட்டு வந்தா என்ன அர்த்தம்? நம்மகிட்டதான் வர்றான்னு அர்த்தம். நாம நிப்போம். நாம நின்னா அது நிக்கும். அது நின்னா நாம ஏன்னு பாப்போம். இப்படியே நின்னா பொழுது விடிஞ்சு பொழுது போயிடும்."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். "மறுபடி சொல்லுங்க" என்றார். மறுபடி சொன்னேன். என்னை இதுவரை யாரும் மறுபடி சொல்லச் சொன்னதில்லை, ஒரு தடவையே அதிகம் என்பார்கள்.

"அப்ப உருண்டைய எடுத்துடலாமா?"

வாசலில் நின்றிருந்த என் வீட்டுக்காரர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "வேண்டாங்க. நேத்து மூடியிருந்தப்ப, நேரா போற வரைக்கும் நல்லாத்தான் போச்சு. திரும்பற இடத்துல ரெண்டு பேர் மேல மோதப் பாத்துது. எந்தப் பக்கம் போகுதுன்னு அவங்களுக்குத் தெரியல. நான் கை காட்டித்தான் தப்பிச்சாங்க."

ஸ்க்ரூ மேடம் அவரையே பார்த்தார். "இருபத்திரண்டு வருஷமா அவ்வளவு பெரிய இரும்பு வண்டியத் தள்ளியிருக்கீங்க. எத்தனை பேர் மேல மோதியிருக்கீங்க?"

"ஒருத்தர் மேலயும் இல்லீங்க."

"எப்படி? ஓரம், ஓரம்னு கத்துவீங்களா?"

"ஆஸ்பத்திரியில கத்தக் கூடாதுங்களே. நான் ஒண்ணும் பண்றதில்ல. அவங்களே வழி விட்டுடுவாங்க."

அந்த அம்மா விடவில்லை. ஒரு காலி வண்டியைக் கொண்டுவரச் சொன்னார். காலி வண்டி என்றாலும் நான் குறுக்கே போய் நின்றேன். கடைசியில் மாப்பிள்ளை துணியோடு பின்னால் வர, இவர் வெறுங்கையால் வண்டி தள்ளுவதுபோல் முன்னால் நடப்பது என்று முடிவாயிற்று. தரைத்தள வராந்தாவில் காலைக் கூட்டம். இவர் கைகளைக் காற்றில் நீட்டிக்கொண்டு நடந்தார். பார்க்கச் சிரிப்பாக இருந்தது. ஆனால் நடந்தது என்னவோ நிஜம். எதிரே வந்தவர்கள் இவரைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை, பேசிக்கொண்டே விலகினார்கள். இவர் இடது பக்கம் திரும்புவதற்கு முன்பே இடது பக்கம் காலியாகிவிட்டது.

"எப்படி? எப்படித் தெரியுது அவங்களுக்கு?" ஸ்க்ரூ மேடம் கொண்டையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கையில் வைத்து உருட்டினார்.

"கழுத்து" என்றேன். நாலு எட்டுக்கு முன்னாலேயே இவர் கழுத்து திரும்பிவிடும். பிறகு தோள், பிறகு கால். கல்யாணமான நாளிலிருந்து இவருக்குப் பின்னால் நடக்கிறேன். எந்தக் கடைக்குள் நுழையப் போகிறார் என்பது இவருக்குத் தெரிவதற்கு முன் எனக்குத் தெரியும். "அவரு போற பக்கத்தைப் பாக்கறாரு. ஆளைப் பாக்கல. உங்க பெட்டி ஆளைப் பாக்குது, வேற பக்கம் போகுது. அப்புறம் எவன் நம்புவான்?"

"நிக்கும்போது?" என்று கேட்டார் அவர். "நிக்கும்போது எங்க பாக்கணும்?"

இதற்கு இவரே பதில் சொன்னார். "நான் எதுக்காக நிக்கறேனோ அதைப் பாப்பேங்க. தரையில தண்ணி இருந்தா தண்ணிய. கதவு சாத்தியிருந்தா கதவை. பாத்துக்கிட்டே இருந்தா யாராவது வந்து தொடைச்சிடுவாங்க, தொறந்துடுவாங்க."

அந்த அம்மா என் வீட்டுக்காரரைக் கும்பிட்டார். இவர் பயந்துபோய்ப் பதிலுக்கு மாப்பிள்ளையைக் கும்பிட்டார்.

அன்று மத்தியானமும் வியாழக்கிழமை முழுவதும் எங்கள் லாண்டரி கல்யாண வீடுபோல இருந்தது. உருண்டை இனிமேல் ஆளைப் பார்க்காது, திரும்பப் போகும் பக்கத்தை நாலு எட்டுக்கு முன்னாலேயே பார்க்கும், நின்றால் எதனால் நின்றதோ அதைப் பார்க்கும் என்று ஸ்க்ரூ மேடம் கணக்கை மாற்றி எழுதினார். ஆனால் ஒற்றை விளக்கை வைத்து எந்தப் பக்கம் முகம், எந்தப் பக்கம் முதுகு என்று தூரத்திலிருந்து தெரியவில்லை. கிழிசல் தைப்பதும் என் வேலைதான். ஒரு தலையணை உறையை வெட்டி உருண்டைக்கு அளவாகத் தைத்தேன். டாக்டர் கோட்டுக்கு வைக்கும் பெரிய கறுப்புப் பொத்தான் இரண்டை எடுத்துக் கண்ணாக வைத்தேன். மூக்குக்கு ஒரு முடிச்சு. என் நாத்தனார் மீசை வைத்தே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தாள். மாப்பிள்ளைக்கு மீசை இல்லாவிட்டால் யார் மதிப்பார்கள் என்பது அவள் கட்சி. நோயாளிகள் பயப்படுவார்கள் என்று சொல்லி அடக்கினேன்.

கடைசித் தையல் போட்டுக்கொண்டிருக்கும்போது அவள் என் காதருகே வந்தாள். முகத்தில் விளையாட்டு இல்லை. "அண்ணி, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. இது என்ன பண்ணப் போகுதுன்னு இப்ப எல்லாருக்கும் புரிஞ்சுடும். அப்ப பின்னாடி நடக்கறதுக்கு அண்ணன் எதுக்கு?"

ஊசி விரலில் ஏறியது. இது ஏன் எனக்குத் தோன்றவில்லை? மாப்பிள்ளை போய்விட்டால் இவர் இடுப்பு போகும். மாப்பிள்ளை தேறிவிட்டால் இவர் வேலை போகும். நான் என் கையாலேயே பொத்தான் வைத்துத் தைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த இரண்டு கறுப்புக் கண்ணும் என்னைப் பார்த்தன. கத்தரிக்கோல் பக்கத்திலேயே இருந்தது. நான் அதை எடுத்தேன். இல்லை என்று பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகிறது?

"பிச்சுடாதே" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது. இவர்தான், கையில் எனக்கு டீயோடு நின்றார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது.

"உங்களுக்குப் புரியுதா இல்லையா? இது நல்லா ஓடிச்சுன்னா உங்களை வீட்டுக்குப் போகச் சொல்லிடுவாங்க."

"புதன்கிழமையே புரிஞ்சுது."

"புரிஞ்சுமா கழுத்து, தோளுன்னு எல்லாத்தையும் சொல்லிக் கொடுத்தீங்க?"

டீயை என் முன்னால் வைத்தார். "யாருக்கும் புரியாம இருந்தாத்தான் எனக்கு வேலைன்னா, அது என்ன வேலைம்மா? அன்னிக்கு சிஸ்டர் தட்டு விழுந்துது. நாளைக்கு ஒரு நோயாளி விழுந்தா? அப்புறம் நான் எந்த முகத்தோட அது பின்னாடி நடப்பேன்? தைச்சு முடி."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இந்த மனிதருக்கு ஒரு காரியமாவது தனக்காகச் செய்யத் தெரிகிறதா? ஆனாலும் அந்த நிமிஷம் அவர் மேல் எனக்கு எவ்வளவு பெருமை வந்தது என்பதை எங்கே போய்ச் சொல்வேன். தைத்து முடித்தேன். இரண்டு இழையாகவே தைத்தேன், பிரியாது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு சோதனை. கீழிருந்து நாலாம் மாடி வரை துணி கொண்டுபோக வேண்டும். இவர் தள்ளியே நிற்க வேண்டும், கை காட்டக் கூடாது என்று மேனேஜர் சொல்லிவிட்டார். தரைத்தளத்தில் கூட்டம் தானாக இரண்டாகப் பிரிந்தது. லிஃப்ட் வாசலில் மாப்பிள்ளை நின்று லிஃப்டின் பொத்தானையே பார்த்தது, பக்கத்தில் நின்றிருந்த ஒருவர் கை நீட்டி அழுத்தினார். ஸ்க்ரூ மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் அவர் கையை நசுக்கிக்கொண்டிருந்தேன் என்று பிறகு சொன்னார்.

நாலாம் மாடியில் பெரிய சிஸ்டர் மார்பில் கை கட்டி நின்றார். மாப்பிள்ளை வார்டு வாசலுக்கு ஆறு எட்டு இருக்கும்போது சட்டென்று நின்றது.

"பாத்தீங்களா?" என்றார் மேனேஜர். கையில் ஃபைலோடு, வார்டு வாசலில் சாய்ந்து நின்றிருந்தார். "மறுபடியும் அதேதான். ஏன் நின்னுதுன்னு யாருக்காவது புரியுதா?"

இரண்டு கறுப்புப் பொத்தான்களும் அசையாமல் ஒரே இடத்தைப் பார்த்தன. மேனேஜர் பின்னால் திரும்பிப் பார்த்தார். சுவர். தரையைப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. ஓர் எட்டு வலது பக்கம் வைத்தார், பொத்தான்களும் வலது பக்கம் வந்தன. இடது பக்கம் வைத்தார், இடது பக்கம் வந்தன. படுக்கையில் இருந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"அட" என்றார் மேனேஜர். "நானா?"

வாசலை விட்டு விலகினார். பொத்தான்கள் வாசலைப் பார்த்தன. பிறகு மாப்பிள்ளை நேராக உள்ளே போயிற்று. வராந்தா முழுக்கச் சிரிப்பு. மேனேஜரும் சிரித்துவிட்டார். பெரிய சிஸ்டர் மாப்பிள்ளை வயிற்றிலிருந்து தானே விரிப்புகளை எடுத்துக்கொண்டு, "நிக்கறதுக்குக் காரணம் சொல்ற ஒரே ஆள் இந்த ஆஸ்பத்திரியில இதுதான்" என்றார்.

மேனேஜர் ஃபைலைத் திறந்தார். "சரி, இது இருக்கட்டும்னு சொல்றாங்க." எழுதப் போனவர் நிறுத்தினார். நான் பயந்தது வந்தது. "ஆனா இவ்வளவு தெளிவா புரியுதுன்னா, இனிமே பின்னாடி நடக்க ஒரு ஆள் வேணுமா?" என்று என் வீட்டுக்காரரையே கேட்டார்.

"வேண்டாம் சார்" என்றார் இவர்.

ஒரு பொய் சொன்னால் என்ன? ஒரே ஒரு பொய்.

"இந்த மாடியில வேண்டாம்" என்று இவர் தொடர்ந்தார். "மூணாவது மாடிக்கு என்ன சார் பண்றது?"

"மூணாவது மாடிக்கு என்ன?"

"கண் வார்டுங்க. ரெண்டு கண்ணையும் கட்டியிருப்பாங்க. சுவரைத் தடவிக்கிட்டு பாத்ரூம் போவாங்க. அவங்களுக்கு இந்தப் பொத்தான் எங்க தெரியும்? ரெண்டு மாசமா நான் முன்னால ஓடி, ஒவ்வொருத்தரா கையப் பிடிச்சு ஓரமா நிறுத்திக்கிட்டிருக்கேன். அதை நினைச்சாத்தான் எனக்கு மனசு கேக்கல."

ஸ்க்ரூ மேடம் என் கையை விட்டுவிட்டார். "எனக்கு இது தோணவே இல்லையே" என்றார், மெதுவாக.

"ரெண்டாவது மாடியில கால் உடைஞ்சவங்க. அது திரும்புதுன்னு நாலு எட்டுக்கு முன்னால சொன்னாப் பத்தாது, ஊன்றுகோலோட விலக பத்து எட்டாவது வேணும். அஞ்சாவது மாடியில வயசானவங்க, அது எதையாவது பாத்தா 'என்னப்பா வேணும்'னு அதுகிட்டயே போயிடறாங்க." இவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. தனக்காகப் பேசுகிறோம் என்ற நினைப்பே அவர் முகத்தில் இல்லை. நிஜமாகவே அந்த நோயாளிகளைப் பற்றித்தான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்.

மேனேஜர் ஸ்க்ரூ மேடத்திடம், "இதெல்லாம் சரி பண்ண எவ்வளவு நாள் ஆகும்?" என்றார்.

"அதை அவர்கிட்டதான் கேக்கணும் சார். எந்த மாடியில யாரு எப்படி நடக்கறாங்கன்னு எனக்கு என்ன தெரியும்? அவர் சொன்னாத்தான் நான் எழுத முடியும். ஒவ்வொரு மாடியா போகணும். புதுசு புதுசா நோயாளி வருவாங்க, வார்டு இடம் மாறும். முடியற வேலையா இது?"

"அவரை அனுப்பிட்டு இந்தப் பெட்டிய மட்டும் மேல அனுப்பினீங்கன்னா, நான் லிஃப்டை உள்ளேருந்து பூட்டிடுவேன்" என்றார் பெரிய சிஸ்டர். விளையாட்டாகச் சொன்னதுபோல் தெரியவில்லை.

மேனேஜர் எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு, எனக்குத் தெரிந்து முதல் தடவையாக, தன் முடிவைத் தன் முடிவாகவே சொன்னார். "வண்டி தள்ளற வேலை உங்களுக்கு இனிமே கிடையாது. இதுதான் வேலை. நான் எழுதிடறேன்."

நான் அழுதேன். சிரித்துக்கொண்டே அழுதேன், எல்லாரும் பார்த்தார்கள், பார்க்கட்டும். என் நாத்தனார் ஓடி வந்து மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டாள். அது நின்று, ஏன் நின்றேன் பார் என்பதுபோல அவளையே பார்த்தது.

திங்கட்கிழமை, கண் வார்டுக்கு விரிப்பு கொடுக்க நானே மேலே போனேன். போகாமல் இருக்க முடியவில்லை என்பதுதான் உண்மை. வராந்தா நடுவில் என் வீட்டுக்காரர் இரண்டு கண்ணையும் பஞ்சு வைத்துக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அந்தப் பக்கத்திலிருந்து மாப்பிள்ளை, ஸ்க்ரூ மேடம் புதிதாக வைத்த சத்தத்தோடு வந்துகொண்டிருந்தது. நேராக வரும்போது ஒரு மாதிரி டொக், டொக். திரும்பப் போகும்போது வேறு மாதிரி.

"இப்ப?" என்றார் ஸ்க்ரூ மேடம்.

"இடது பக்கம் திரும்பப் போகுது" என்றார் இவர். திரும்பியது. "ஆனா சத்தம் இன்னும் சீக்கிரம் வரணுங்க. பயந்தவனுக்கு யோசிக்க நேரம் வேணும்." மேடம் எழுதிக்கொண்டார். சுவரோரமாக, கண்ணில் கட்டுப்போட்ட மூன்று நோயாளிகள் நாற்காலியில் உட்கார்ந்து, அடுத்தது வலதா இடதா என்று பந்தயம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

இவர் சுவரைத் தொடாமல், முதுகை நிமிர்த்திக்கொண்டு, என் பக்கமாக நடந்து வந்தார். நான் வேண்டுமென்றே குறுக்கே போய் நின்றேன். பேசவில்லை, வளையலைக்கூடப் பிடித்துக்கொண்டேன். எனக்கு இரண்டடி முன்னால் நின்றுவிட்டார்.

"மடிப்பு மேஜையில வேலை இல்லையா உனக்கு?" என்றார்.

"நான்தான்னு எப்படித் தெரிஞ்சுது?"

"நீ மூச்சு விடற சத்தமே சண்டைக்கு வர்ற மாதிரி இருக்கும். இருபத்தாறு வருஷமா கேக்கறேன்."

மூன்று நோயாளிகளும் கட்டுக்குக் கீழே வாய்விட்டுச் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வர வேண்டும், வரவில்லை. கண்கட்டை நான் அவிழ்க்கவில்லை. அவர் கையைப் பிடித்து, மாப்பிள்ளைக்கு வழி விட்டு, ஓரமாக நிறுத்தினேன்.